மாய் ஆன்ட்டி திருப்பிக் கேட்ட கேள்வி

மூன்று மாதத்தில் ஜெபினா நிரப்பியிருந்தது பதினோரு படிவங்கள். ஆறு மாதத்தில் அறுபது நிரப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பதினொன்றையும் மேஜைமேல் பரப்பிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் பதில் சொன்னது போலிருந்தது. மார்பகப் பரிசோதனை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆம். அது அவசியம் என்று நினைக்கிறீர்களா? ஆம். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாரா? ஆம். அதில் திருப்தியா? ஆம். பரிசோதனை செய்துகொண்டீர்களா? இல்லை. ஏன்? இந்த இடத்தில் பதினோரு பெண்களும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். நேரமில்லை.

ஜெபினாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவள். கல்யாணமாகி ஷைனோடு கலிபோர்னியாவுக்கு வந்தபின் ஒன்பது வருடம் அவளுடைய விசாவில் வேலை பார்க்க வழியில்லை. சமைத்தாள், மகள் பிரீத்தாவை வளர்த்தாள், சர்ச்சில் கொயர் பாடினாள். கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு சான்றிதழ்ப் படிப்பு படித்து, இருபத்து மூன்று இடத்துக்கு அப்ளை பண்ணி, கடைசியில் ஸ்டாக்டனில் ஒரு சின்ன சுகாதார ஆய்வு மையத்தில் வேலை கிடைத்தது. பிளசன்டனிலிருந்து காற்றாலை மலைகளைத் தாண்டி ஒரு மணி நேர டிரைவ். கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதே அவளுக்கு ஒரு தெம்பு. அதை இழந்துவிடுவோமோ என்று இப்போது பயந்தாள்.

ஸ்டாக்டனில் மோங் மக்கள் நிறையப் பேர். லாவோஸ் மலைகளில் இருந்தவர்கள். போருக்குப் பின் தாய்லாந்து முகாம்களில் வருடக்கணக்காகக் காத்திருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் வயதான பெண்கள் ஏன் மார்பகப் பரிசோதனைக்கு வருவதில்லை என்பதுதான் ஆய்வு. ஜெபினாவோடு மொழிபெயர்ப்புக்கு வந்தவள் பா நியா லோர். முப்பது வயது. ஸ்டாக்டனிலேயே பிறந்து வளர்ந்த மோங் பெண். லோர் என்பது அவளுடைய குலப்பெயர்.

ஒரு நாள் மத்தியானம் பா நியா தன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

"நீ எங்க ஆளுங்களைப் பேட்டி எடுக்கறே, ஜெபினா. அதான் பிரச்சனை. ஆபீஸ்காரங்க பேப்பரோட வந்தா எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லி அனுப்பிடணும்னு எங்களுக்கு முகாம்லயே பழகிப்போச்சு."

"அப்ப என்ன பண்ணணும்ங்கறே?"

"எங்க அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியணும்னா அந்த வீட்டுக்குப் போவாங்க. சும்மா போவாங்க. காலைல போனா சாயங்காலம்தான் வருவாங்க. வரும்போது கேட்கப் போனது, கேட்காதது எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ராமசுப்ரமணியன். சென்னைக்காரர், புள்ளியியலில் முனைவர். ஆபீசில் எல்லாருக்கும் ராம். தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் கணக்கு கணக்குதான்.

"ஜெபினா, உங்க எஃபர்ட் எனக்குப் புரியுது. ஆனா ஒரு வீட்டுக்கு நாலு மணி நேரம்னா எப்படிங்க? அறுபது வீடு என்னிக்கு முடியும்?"

"ஆறு வாரம் குடுங்க ராம். இப்ப இருக்கற பதினொண்ணும் வேஸ்ட்தான், உங்களுக்கே தெரியும்."

அவர் படிவங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "ஆறு வாரம். வீட்டுக்குப் போய்ப் பேசறதுக்கு எதிக்ஸ் கமிட்டி பர்மிஷன் நான் வாங்கறேன். ஆனா கேட்டுட்டு எழுதுங்க. அவங்க ஓகே சொன்னதை மட்டும் எழுதுங்க."

அனுமதி வந்ததும் முதலில் போனது மாய் ஷியோங் வீட்டுக்கு. பதினோரு படிவங்களில் ஒன்று அவருடையது. அறுபத்தொரு வயது, கட்டுமஸ்தான சின்ன உருவம். சனிக்கிழமைச் சந்தையில் கீரையும் எலுமிச்சம்புல்லும் விற்பவர். படிவம் பையிலேயே இருக்கட்டும் என்று பா நியா சொல்லியிருந்தாள். ஜெபினா ஒரு பை ஆரஞ்சுப்பழம் கொண்டுபோனாள்.

கராஜில் பெரிய அடுப்பு போட்டு அங்கேதான் சமையல் நடந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னதும் கேள்விகள் ஆரம்பித்தன. கேட்டவர் மாய். பதில் சொன்னவள் ஜெபினா. உனக்கு எத்தனை பிள்ளை? ஏன் ஒன்றே ஒன்று? அம்மா அப்பா இருக்கிறார்களா? அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? புருஷன் குடிப்பானா? நீ எந்தக் குலம்?

குலம் என்றதும் ஜெபினா விழித்தாள். தங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது என்றாள். மாய்க்கு அது பாவமாகப் போய்விட்டது. குலமில்லாத மனுஷி எங்கே போய்ச் சொந்தம் தேடுவாள்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஜெபினாவுக்குத் தன் பிறந்த வீட்டின் பெயர் நினைவுக்கு வந்தது. பனவிளை. ஊரில் எல்லாரும் அவளைப் பனவிளைக்காரி என்றுதான் சொல்வார்கள்.

"பனவிளை," என்று மாய் மெல்லச் சொல்லிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சோற்றுப் பானையைத் திறந்தார்.

உப்புப் போடாத சோறு, வாசனைத்தழைகள் போட்டு வேகவைத்த கோழி, பாகற்கொடியின் இளந்தளிர், உரலில் இடித்த பச்சை மிளகாய். மிளகாயைத் தொட்டு வாயில் வைத்ததும் ஜெபினாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரத்துக்குப் பின்வாங்காமல் அவள் இரண்டாம் தடவை தொட்டபோது அடுப்பங்கரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்று பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது கார் டிக்கி நிறையக் கீரை இருந்தது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது தடவை போனபோது மாய் கொல்லையில் பாகற்பந்தலுக்குக் கீழே நின்றிருந்தார். மருமகள் சற்றுத் தள்ளிப் பயறு பறித்துக்கொண்டிருந்தாள். கராஜில் மாயின் கணவர் டிவி பார்க்கும் சத்தம் கேட்டது. இப்போது பேசலாம் என்று ஜெபினா துணிந்தாள்.

"ஆன்ட்டி, அந்த டெஸ்டுக்கு நீங்க ஏன் போகலை?"

பா நியா அதை மோங் மொழியில் சொன்னாள். மாய் ஒரு பாகற்காயைத் திருகிப் பறித்து ஜெபினா கையில் கொடுத்தார். பிறகு திருப்பிக் கேட்டார்.

"நீ போனியா?"

ஜெபினா வாயைத் திறந்தாள். நாற்பது வயதில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று வருடமாகப் போனில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தடவை பிரீத்தாவின் ஆர்க்கெஸ்ட்ரா நிகழ்ச்சி. ஒரு தடவை கிறிஸ்துமஸ் கொயர் பயிற்சி. ஒரு தடவை மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். சொல்லப் போன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. நேரமில்லை. பதினோரு முறை தன் கையாலேயே எழுதிய அதே வார்த்தை. அவளுக்கு முகம் சூடானது.

"போகலை," என்றாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். "எங்க சித்திக்கு வந்துது. வீட்டுல யாருக்கும் சொல்லாம மறைச்சு வச்சிருந்தாங்க. தெரிஞ்சப்ப ஒண்ணும் பண்ண முடியலை. எனக்குப் போக பயம், ஆன்ட்டி. போனா எதையாவது கண்டுபிடிச்சிருவாங்களோன்னு பயம்."

இதை அவள் ஷைனிடம்கூடச் சொன்னதில்லை. பா நியா மொழிபெயர்க்கும்போது குரல் தாழ்ந்தது.  மாய் ஜெபினாவின் பையை வாங்கி, அதில் இன்னும் நாலு பாகற்காயைப் போட்டார்.

"நாள் சொல்லு. நான் கூட வரேன்."

மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் ஜெபினா நினைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் போனைத் திறந்து அப்பாயின்ட்மென்ட் போட்டாள். மூன்று வருடம் தள்ளிப்போட்ட வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பா நியாவிடம் நாளைச் சொல்லிவைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பிளசன்டன் மருத்துவமனை வாசலில் அவள் போய் நின்றபோது, பா நியாவின் காரிலிருந்து மாய் இறங்கினார். நல்ல கோட் போட்டிருந்தார். கையில் துணி சுற்றிய பாத்திரம்.

"நீ வருவியோ மாட்டியோன்னு ஆன்ட்டிக்கு சந்தேகம்," என்று பா நியா சிரித்தாள். "ஏழரைக்கே கிளம்பணும்னாங்க."

பரிசோதனை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இயந்திரம் குளிர்ந்திருந்தது, அழுத்தியபோது வலித்தது, அவ்வளவுதான். ஜெபினா வெளியே வந்தபோது மாய் காத்திருப்போர் அறையில் நேராக உட்கார்ந்து, உள்ளே போகிற பெண்களையும் வெளியே வருகிற பெண்களையும் ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டிருந்தார்.

இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நெத்திலி கிடைக்காததால் வேறு மீன் போட்டுத் தேங்காய் அரைத்த குழம்பு வைத்திருந்தாள். மாய் கொண்டுவந்த கோழியும் மேஜைக்கு வந்தது. வேறு யாரும் வீட்டில் இல்லை. ஷைன் ஆபீஸ், பிரீத்தா ஸ்கூல். மாய் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தபடி, வானிலை பற்றிப் பேசுவது போலத்தான் ஆரம்பித்தார்.

"நான் போனேன். ரெண்டு வருஷம் முன்னாடி. டெஸ்ட் பண்ணாம திரும்பி வந்துட்டேன்."

ஜெபினா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நர்ஸ் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து வச்சா. அதுல வீடியோவுல மொழிபெயர்க்க ஆள் வரும்னா. வந்துச்சு. பார்த்தா எங்க வீட்டுக்காரரோட தம்பி மகன். அவர் குலத்துப் பையன். அடுத்த தெருவுலதான் இருக்கான். அவன்கிட்ட நான் என் மாரைப் பத்திப் பேசறதா? அவன் தலையைக் குனிஞ்சுகிட்டான். நானும் குனிஞ்சுகிட்டேன். தலை வலிக்குதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"வீட்டுல சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? மருமக காதுல விழுந்தா அவனுக்குப் போகும். அவனுக்கு அவமானம். நல்ல பையன். அவன் என்ன பண்ணுவான், அது அவனோட வேலை."

மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாரா? ஆம். திருப்தியா? ஆம். ஜெபினா தானே டிக் பண்ணிய அந்த இரண்டு கட்டங்களும் கண்முன் வந்தன. மாய் பொய் சொல்லவில்லை. கிடைத்தாரா என்று கேட்டாள், கிடைத்தார் என்றார்.

"இதை நான் எழுதிக்கலாமா, ஆன்ட்டி?"

மாய் யோசித்தார். "எழுது. என் பேர் வேண்டாம். அவன் பேர் கண்டிப்பா வேண்டாம்."

வியாழக்கிழமை ஜெபினாவுக்கு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. இடது பக்கத்தில் ஒரு இடம் தெளிவாக இல்லை; திரும்ப வரவேண்டும். திரும்பப் போனபோது ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவள் எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். அதுவும் அந்த வாரமே நடந்தது. முடிவு வர ஏழு நாள் ஆகலாம்.

அந்த ஏழு நாளில் ஜெபினா செய்த வேலைகளுக்கு அளவில்லை. அலமாரிகளை ஒழித்தாள். பிரீத்தாவின் பழைய துணிகளை மடித்துக் கட்டினாள். ஷைன் அவளைத் தனியாக விடவில்லை; காய்கறி வாங்கக்கூடக் கூடவே வந்தான்.

"ஜெபி, எனக்கு ஏன் மொதல்லயே சொல்லலை? சித்தி விஷயம் மனசுல கிடக்குன்னு."

"நீங்க கேட்கலையே."

சொன்ன பிறகு அது நியாயமில்லை என்று அவளுக்கே பட்டது. ஷைன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். பிரீத்தாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் சாப்பிடும்போது போனை எடுக்காமல் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டேவிட்டாள். ஜெபினா உட்காரவைத்துச் சொன்னாள். பிரீத்தா எழுந்து வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பதினைந்து வயதுப் பெண் அப்படிச் செய்து வெகுநாளாகியிருந்தது.

வேலையை மட்டும் நிறுத்தவில்லை. அந்த நாட்களில்தான் பா நியாவும் அவளும் எட்டு வீடுகளுக்குப் போனார்கள். ஜெபினா எதையும் நேராகக் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னாள். ஊசி போட்ட இடம் இன்னும் வலிக்கிறது, முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்றாள். பெண்கள் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து மறுபடி வரச் சொன்னவர்கள் மூன்று பேர். எட்டு வீட்டில் ஆறு வீட்டில் அதே கதைதான் வேறு வேறு ஆட்களோடு வந்தது. டேப்லெட்டில் வந்தது ஒருத்திக்குக் கணவனின் அண்ணன் மகன். இன்னொருத்திக்குத் தன் சொந்தக் குலத்துத் தம்பி. இன்னொருத்திக்கு முகம் தெரியாத ஆள். ஆனால் பெயரைச் சொன்னதும் எந்த வீட்டுப் பையன் என்று தெரிந்துவிட்டது.

ஆறாவது வாரக் கடைசியில் ராம் முன்னால் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது வீட்டுக் குறிப்புகள். நிரப்பிய படிவம் ஒன்றுகூடப் புதிதாக இல்லை. குறிப்புகளை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

ராம் குறிப்புகளை மெதுவாகப் படித்தார். நடுவில் ஒருமுறை மட்டும் தலை நிமிர்ந்தார்.

"நம்ம டேட்டாவுல இந்த இன்டர்ப்ரெட்டர் கேள்விக்கு நூறு பர்சென்ட் எஸ். அதைப் பார்த்துட்டு இதுல பிரச்சனையே இல்லைன்னு நான் அந்தக் கேள்வியையே அனாலிசிஸ்ல இருந்து தூக்கிட்டேன், தெரியுமா?"

"நானும்தான் டிக் பண்ணிட்டு நகர்ந்துட்டேன், ராம்."

"பதினாலு வருஷமா சர்வே பண்றேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறுபது வேண்டாம். முப்பது வீடு போதும். இதே மாதிரி போங்க. கமிட்டிக்கும் ஃபண்டிங் குடுக்கறவங்களுக்கும் நான் எழுதறேன். பா நியா பேரும் ரிப்போர்ட்ல முதல்லயே வரணும்."

ஜெபினா எழுந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். வேலை போகவில்லை. ஆனால் முழுமூச்சு விட முடியவில்லை. போன் இன்னும் வரவில்லையே.

வந்தது மறுநாள் பதினொரு மணிக்கு. காற்றாலை மலைகளின் அல்டமான்ட் ஏற்றத்தில் டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தாள். மருத்துவமனை எண்ணைப் பார்த்ததும் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, காய்ந்த புல்மேட்டுக்கு ஓரமாக வண்டியை நிறுத்தித் திருப்பிக் கூப்பிட்டாள். நர்ஸ் பிறந்த தேதி கேட்டாள். அதைச் சொல்வதற்குள் ஒரு வருஷம் கழிந்தது போலிருந்தது.

வெறும் நார்க்கட்டி. கேன்சர் இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும்.

ஜெபினா ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதாள். ஜன்னலை இறக்கிவிட்டாள். மலைக்காற்று உள்ளே புகுந்து சீட்டிலிருந்த காகிதங்களைப் பின்னுக்குத் தள்ளியது. ஷைனைக் கூப்பிட்டாள். அவன் மீட்டிங்கில் இருந்தான். அப்படியே எழுந்து வெளியே வந்து, "அப்பாடா, அப்பாடா," என்று நாலைந்து தடவை சொன்னான்.  பிரீத்தாவுக்கு மெசேஜ் போட்டாள். ஒரே வரிசையில் இருபது இதயங்கள் திரும்ப வந்தன.

பிறகு நேராக மாய் வீட்டுக்குப் போனாள். போனில் சொல்கிற விஷயமாக அது அவளுக்குப் படவில்லை. பா நியாவுக்குச் சொன்னதும் அவளும் ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தாள். மாய் கராஜில் எலுமிச்சம்புல்லைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஜெபினாவின் முகத்தைப் பார்த்ததும் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் புல்லைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, ஈரக்கையாலேயே அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

"சரி," என்றார். "இப்ப என்னோட நாள் சொல்லு."

அடுத்த சில நாளில் ராம் ஸ்டாக்டன் மருத்துவமனையோடு பேசினார். அவர்கள் மறுக்கவில்லை, யாரும் இதுவரை சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்களாம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, எந்தக் குலத்தவர் வேண்டாம் என்று கேட்பதாக ஏற்பாடாகியது. மாய்க்கு அந்த டேப்லெட்டே வேண்டாம். பா நியா போதும். அவள் பெண், அதுவும் லோர். புருஷனுடைய வாங் குலமும் இல்லை, கல்யாணத்துக்குப் பின்னும் மாறாத தன் பிறந்த ஷியோங் குலமும் இல்லை.

ஜூன் முதல் வாரம் அது நடந்தது. ஸ்டாக்டனில் வெயில் கொளுத்தியது. இந்தத் தடவை காத்திருப்போர் அறையில் உட்கார்ந்தவள் ஜெபினா. இருபது நிமிடம் கழித்து மாய் சட்டை ஜிப்பை இழுத்துக்கொண்டே வந்தார். பின்னால் பா நியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"என்னாச்சு?"

"இவ்வளவுதானான்னு நர்ஸைத் திட்டறாங்க. இதுக்கா ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன்னு."

சிரிப்பு அடங்குவதற்குள் மாய் வெளியே வந்து போனை எடுத்து ஃப்ரெஸ்னோவில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பார்க்கிங் முழுக்கக் கேட்டது. ஒரு நிமிடம் பேசிவிட்டு ஜெபினா பக்கம் திரும்பிப் பா நியாவிடம் ஏதோ சொன்னார்.

"தங்கச்சியும் போனதில்லையாம். நம்ம மூணு பேரும் ஞாயித்துக்கிழமை வருவோம்னு சொல்லிட்டாங்க. உன்கிட்ட கேட்கவே இல்லை," என்றாள் பா நியா.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு ரெண்டு மணி ஆகுமே."

பா நியா அதைச் சொன்னாள். மாய் கையை வீசினார். லேட்டானால் ராத்திரி அங்கேயே தங்கிக்கொள்ளலாம், தங்கை வீட்டில் பாய் நிறைய இருக்கிறது என்றார். இப்போது பசிக்கிறது, முதலில் நூடுல்ஸ் கடைக்கு வண்டியை விடு என்றார். பரிசோதனை முடிவு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. வந்தபோது அதுவும் நல்லபடியாகவே வந்தது.